நீ தொழச் சொன்ன இடம்

என் உயிரான ஜெய்புன்னிசாவுக்கு, உன் மீது சலாம் உண்டாகட்டும்.

போர்ச்சுகல் போய்விட்டு வந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்னும் நீ அடங்கியிருக்கும் கபுருக்கு வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வழியை மறிக்க மணிமுத்தாற்றில் வெள்ளமும் வந்துவிடவில்லை. உன் முன்னால் வந்து நிற்க முகமில்லை, அவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கபர்ஸ்தான் வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

லண்டனிலிருந்து நம் மகன் சலீம், போர்ச்சுகலில் எடுத்த ஒரு போட்டோவைக் கவரில் வைத்து அனுப்பினானே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே பார்த்தால் சர்ச். உள்ளே பீடத்துக்குப் பின்னால் பழைய பள்ளிவாசலின் மிஹ்ராப், இமாம் நின்று தொழவைக்கும் அந்த மாடம், அப்படியே இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் "அட, ஐரோப்பாவுல இப்புடி ஒரு எடமா!" என்று வாயைப் பிளந்தார்கள். நீ மட்டும், "ஐயோ பாவம், எத்தினி நூறு வருசமா யாரும் தொழாம தனியா நிக்குது" என்றாய். பெற்ற பிள்ளையை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தவள் மாதிரி தவித்தாய். "நாம போயி ரெண்டு ரக்அத் தொழுதுட்டு வந்துடலாங்க" என்று எத்தனை தடவை கேட்டாய்?

நான் என்ன சொன்னேன்? "இந்த ஆர்டர் முடியட்டும்டி." பீங்கான் ஃப்யூஸ் கேரியர் ஆர்டர் முடிந்தது, அடுத்த ஆர்டர் வந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும் அதே பாட்டுத்தான். என்னை விட்டால் செராமிக் யூனிட்டில் சரக்குப் பார்க்க ஆளே கிடையாது என்று எனக்கொரு நினைப்பு. மூன்றே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். அதற்கப்புறம் ஒரு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. யூனிட் நன்றாகத்தான் ஓடியது ஜெய்பு.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாச்சும் போயி தொழுதுட்டு வந்துடுங்க" என்றாய். சரி என்று தலையாட்டினேன்.

இந்த வருஷம் சலீம் விடவில்லை. அவன், மருமகள் ரிஸ்வானா, பேத்தி ஆயிஷா, நான். ஒரு வாடகைக் கார். கூட்டம் மொய்க்கும் பெரிய இடங்களை விட்டுவிட்டு, நம் மார்க்கத்தவர்கள் ஒரு காலத்தில் வாழ்ந்திருந்தும் இப்போது யாரும் எட்டிப் பார்க்காத சின்னச் சின்ன ஊர்களாகச் சுற்றினோம். இடிந்த கோட்டை, தூர்ந்துபோன கிணறு, எங்கோ ஒரு கல்லில் தேய்ந்த அரபு எழுத்து. அவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டே வருவார்கள். எனக்கென்று சுருக்கி ஒரு வரி தமிழில் வரும். நாலு பேர் போன காரில் நான் தனியாகத்தான் போனேன் என்று சொன்னால் சலீம் வருத்தப்படுவான். உன்னிடம் சொல்லலாம்.

ஒரு மியூசியத்தில் ஆயிரம் வருஷத்துக் கிண்ணம் ஒன்றைப் பார்த்தேன். அடியில் மூன்று விரல் தடம், சுடுவதற்கு முன் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்தவன் பிடித்த இடம். நம் யூனிட்டில் அந்தத் தடத்தை பிரஷ்ஷால் மூடுவது உன் வேலை அல்லவா? "இங்க பாருடி, மூடாமலே சூளையில வுட்டுட்டானுங்க!" என்று சத்தமாகச் சொல்லித் திரும்பினேன். "என்ன மாமா?" என்றாள் ரிஸ்வானா. "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

மறுநாள் நீ சொன்ன ஊர். பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை. சர்ச்சுக்குள் வயசான அம்மா ஒருத்தர் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். ஓரமாக, சத்தமில்லாமல் தொழுதுகொள்ளலாமா என்று அவரிடம் சலீம் பணிவாகக் கேட்பதாக ஏற்பாடு. நான் கை, முகம், கால் கழுவி ஒளூ செய்துவிட்டுத் தயாராக வந்திருந்தேன்.

அவன் கேட்பதற்குள் நான் கெடுத்தேன். முப்பது வருஷமாகத் தட்டிப் பார்த்தே சரக்கு எடுத்த கை இது. ணங்கென்றால் நல்லது, தொப்பென்றால் உள்ளே விரிசல். அந்த மாடத்துச் சுண்ணாம்புப் பூவேலையைப் பார்த்ததும் என் விரல் முட்டி தானாகப் போய் இரண்டு தட்டு தட்டிவிட்டது. தொப். ஓரத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து கீழே விழுந்தது.

அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். முட்டிபோட்டு உட்கார்ந்து, உதிர்ந்ததை ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அப்புறம்தான் என்னைத் திட்டினார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் நான் எதையாவது கைதவறிப் போட்டு உடைத்தால் நீ திட்டுவாயே, அதே திட்டு. தலை குனிந்து நின்றேன்.

"பேசாம வாங்க அத்தா, மானம் போவுது" என்று சலீம் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டான். தொழ முடியாமல் போயிற்று. இனி எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்ததும் கட்டாயம் வருகிறேன், தொழாமல் வந்த கதையை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாடத்தைப் பற்றி நீ கவலைப்படாதே ஜெய்பு, அதற்காகச் சண்டைக்கு வர ஓர் ஆள் இருக்கிறது. என்னைத் திட்டத்தான் இரண்டு வருஷமாக யாருமில்லை. அந்த அம்மா திட்டி முடித்தபோது, இன்னும் கொஞ்சம் திட்டினால் தேவலை என்று இருந்தது.

விருத்தாசலத்திலிருந்து,
உன் வீட்டுக்காரன்