தொட்டியைக் கழுவ மாட்டேன்

மார்ச் 4
அலுவலகம்

அன்பு வாலுவுக்கு,

நலம்தானே? உன் அண்ணி தினமும் உன்னைக் கேட்கிறாள்.

அந்த நாட்டு எண்ணெயை யாரும் வாங்கக் கூடாதென்று தடை வந்ததிலிருந்து கப்பல் எரிபொருள் விலை எகிறிவிட்டது. ஆனால் தடைபட்ட அதே எண்ணெய் வேறு பெயரில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நடுக்கடலில் ஒரு கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும். நம் கப்பல் இருக்குமிடம் காட்டும் கருவியை அந்த நேரத்துக்கு அணைத்துவைக்கக் கேப்டனிடம் சொல்லிவிட்டேன். தலைமை இன்ஜினீயர் நீ. மெத்தனால் தொட்டியைக் கழுவி, இந்த எண்ணெயை நிரப்பிக்கொள். தாவரக் கழிவில் செய்த மெத்தனாலில் ஓட்டிப் பெருமைப்பட இது நேரமில்லை.

உன் அண்ணன்

மார்ச் 19
துறைமுகம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியை விசாரித்ததாகச் சொல். தொட்டியைக் கழுவ மாட்டேன்.

தடையால் நல்ல எண்ணெயின் விலை ஏறி, இப்போதுதான் மெத்தனால் அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இந்த நாளுக்காகத்தானே புது இன்ஜின் போட்டோம்? இங்கே மெத்தனால் செய்வது ஒரே ஓர் ஆலை. நாம் வாங்காவிட்டால் அது இழுத்து மூடப்படும். அப்புறம் எந்தக் கப்பல் மாற நினைத்தாலும் ஊற்ற ஒரு சொட்டு இருக்காது.

நடுக்கடலில் கேப்டன் இன்ஜின் அறைக்கு இறங்கி வந்து, "அண்ணன் தங்கச்சி சண்டையில என் தலையை ஏம்மா உருட்டுறீங்க?" என்றார்.

"கருவியை அணைக்கிறது உங்க கையில, சார். வால்வைத் திறக்கிறது என் கையில. நான் திறக்க மாட்டேன்."

தலையைச் சொறிந்துகொண்டே மேலே போனார். கருவியை அணைக்கவில்லை. அந்தக் கப்பல் வலப்பக்கம் தெரிந்தது. பழைய பெயரின் மேல் புதுப் பெயர் பூசியிருந்தார்கள். உள்ளே இருந்த எழுத்து புடைத்துக்கொண்டு நின்றது. வேகத்தைக் குறைக்காமல் கடந்து வந்துவிட்டோம்.

கோபித்துக்கொள், பரவாயில்லை.

வாலு

மார்ச் 23
அலுவலகம்

தலைமை இன்ஜினீயர் அவர்களுக்கு,

நிர்வாகத்தின் உத்தரவை மீறியதால் நீங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். புதிய இன்ஜினீயரிடம் பொறுப்பை ஒப்படைக்கவும்.

நிர்வாக இயக்குநர்

மார்ச் 27
துறைமுகம்

அன்புள்ள அண்ணா,

'அவர்கள்' என்றெல்லாம் எழுத உனக்குக் கை கூசவில்லையா? படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கொஞ்சம் அழுதேன்; அதையும் மறைக்கப் போவதில்லை.

புதியவரிடம் இன்று சாவிகளைக் கொடுத்துவிட்டேன். "தொட்டியைக் கழுவச் சொல்லியிருக்காங்களே மேடம், உள்ளே எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

"கழுத்து வரைக்கும். நேத்துதான் நிரப்பினேன். கழுவணும்னா எல்லாத்தையும் எரிச்சுத் தீர்த்துட்டுத்தான் கழுவ முடியும்."

வாங்கும் அதிகாரம் நேற்று வரை என்னிடம்தான் இருந்தது, அண்ணா. போய்வர இரண்டு பயணத்துக்குத் தாராளமாக வரும். அதுவரை உன் கப்பல் நான் சொன்னபடிதான் ஓடும்.

ஆலையில் எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். எண்ணெய் விலையில் அடிபட்ட வேறு சில முதலாளிகள் இன்ஜினை மாற்றலாமா என்று விசாரிக்கிறார்கள். அவர்களோடு பேசுவது இனி என் பாடு. அந்த எண்ணெயை வாங்கும் எண்ணத்தை நீ விடும்வரை, கெஞ்சினாலும் உன் கப்பலில் கால் வைக்க மாட்டேன். வீட்டுக்கு மட்டும் வழக்கம்போல வருவேன், சொல்லாமல் கொள்ளாமல்.

வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டாய், சரி. தங்கச்சி வேலைக்கு என்னைச் சேர்த்தது நீ இல்லை.

வாலு