கெளுத்தி புகுந்த குளம்

மகளுக்கு,

ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வெள்ளத்தில் சிக்கி நின்ற வருஷம்தான் ஹெப்ரான் வீட்டுப் பண்ணைக் கெளுத்தி நம் குளத்துக்குள் புகுந்தது. நீ வந்து அந்தக் கெளுத்தியையும் நம் குளத்து விராலையும் எண்ணி, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, கெளுத்தி தின்று ஆறு வருஷத்தில் விரால் அழிந்துவிடும் என்றாய்.

"ஆறு வருசம் எவன் காத்துக் கெடக்கது?" என்று உன் தம்பி அவர்கள் பண்ணையில் பூச்சிமருந்தைக் கொட்டினான். ஹெப்ரானின் அண்ணன் அவனைக் குளத்தங்கரையில் வெட்டிச் சாய்த்தான். தண்ணீரில் கிடந்த அவன் கையைக் கெளுத்தி மொய்த்ததைப் பார்த்துவிட்டு அரிவாளை நான் எடுத்தேன். அந்த வீட்டு அண்ணன் தம்பி மூவரில் இருவர் விழுந்தார்கள்.

ஜெயிலில் பக்கத்துப் படுக்கைக்காரர் இதை எழுதித் தருகிறார். உன் கணக்கின்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் மறுபடி மீன் எண்ண வராதே.

"உம்ம மவ குளத்துக்கு வருவால்லா வே, வரட்டும்" என்று கோர்ட் வாசலில் என் காதில் பைய சொன்னான், அவர்களில் உயிரோடு மிஞ்சியிருக்கும் ஹெப்ரான்.

உன் அப்பா