இருநூறா, ஐம்பதா

நவம்பர் 4

மூடுபனி. சோளத் தோட்டம் இருக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை. யாரோ பாலைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி.

காட்டுப்பன்றி என் வீட்டுக்காரர் தொடையைக் கிழித்ததிலிருந்து இவர் வாசலைத் தாண்டுவதில்லை. தையல் பிரித்தாயிற்று. கால் நடக்கிறது, ஆள்தான் நடக்கவில்லை.

பன்றியைச் சுட அனுமதி வந்துவிட்டது, என் பேரில். கல்லூரியில் சுட்டுப் பழகியவள் நான்தானே. குண்டு குறி தவறாமல் பட, துப்பாக்கியின் குறியை எத்தனை மீட்டருக்குச் சரிசெய்யலாம் என்று இவரைக் கேட்டேன்.

"இருநூறு." யோசிக்கவே இல்லை.

நவம்பர் 6

சுடுதளம் போனேன். அங்கே பயிற்சி தரும் மாஸ்டர் சிரித்தார்.

"இருநூறுக்கு வெச்சா நூறுல குண்டு நாலு விரல் மேல போகும்மா. இதுல தொலைநோக்கியும் கிடையாது. குழல் நுனியில நிக்குதே குறிமுனை, அவ்வளவு தூரத்துல பாதிப் பன்னி அதுக்குப் பின்னாலயே ஒளிஞ்சுக்கும். உங்க தோட்டத்துல எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியுது?"

எனக்குத் தெரியவில்லை.

படுத்துக் குறி பார்த்தேன். இலக்கைப் பார்த்தால் முனை கரைகிறது. முனையைப் பார்த்தால் இலக்கு கரைகிறது. முனையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். கரைந்த அந்த இலக்கு வட்டத்துக்குள் நானும் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன்.

"தூங்கிட்டீங்களா?" என்றார் மாஸ்டர்.

நவம்பர் 7

விடியலில் தோட்டத்தில் நின்று பார்த்தேன். ஐம்பது மீட்டர். அதற்கு மேல் இங்கே உலகமே கிடையாது.

நவம்பர் 8

சண்டை.

"ஐம்பதா? அது மூச்சு விடுறது கேட்கும்டி! பைத்தியமா உனக்கு?"

"கண்ணுக்குத் தெரியாததைச் சுடச் சொல்றீங்களா? பனிக்குள்ள யாராவது நடந்து வந்தா?"

அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து வெளியிலிருந்து குரல்:

"எனக்கு அது தூரமா இருக்கணும். அவ்வளவுதான்."

துப்பாக்கிக்கா தூரம் கேட்டார் இந்த மனுஷன்? இவ்வளவு நாள் நான் மீட்டர் கணக்கு பேசிக்கிட்டு இருந்தேனே — எனக்கு ஏன் உறைக்கல?

நவம்பர் 11

ஐம்பதுக்கே வைத்தாயிற்று. மூன்று குண்டும் ஓர் உள்ளங்கை அளவுக்குள்.

"நீங்க வர வேண்டாம். நான் பாத்துக்கறேன்," என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"சூடு கண்ட பூனையை எவன் அடுப்புக்குக் கூப்பிடுவான்," என்றார். சிரிக்க முயன்றார்.

நவம்பர் 15

விடியும் நேரம். தோட்டத்துக் காவல் பரண்மேல் தனியாக இருந்தேன். பனி விலகுவதும் மூடுவதுமாக, தூக்கத்துக்குள் தூக்கம் போல.

ஏணி முனகியது. இவர்! வேர்த்து விறுவிறுத்து ஏறி வந்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் பனியே உருண்டு திரண்டு நடந்து வருவது போல ஒரு நிழல். நான் துப்பாக்கியைத் தூக்கினேன்.

"இரு," என்றார் காதுக்குள். "இன்னும் கொஞ்சம் வரட்டும்."

வந்தது. அதன் மூச்சு கேட்டது. சுட்டேன்.

காத்திருந்தோம், அது அசையவில்லை. என் காது அடைத்திருந்தது. இவர் ஏதோ சொன்னது கேட்கவில்லை. எனக்கு முன்னால் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு, அது கிடந்த பக்கமாகப் பனிக்குள் நடந்து போனார்.