வரியில் வைத்த விரல்

நேற்று ஏரிக்கரையில் வறுத்த கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் ஏதோ பள்ளிக்கூடத்து வினாத்தாள். ‘பின்வரும் உரைப்பகுதியைப் படித்து விடையளி.’ கடலையை மறந்து உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன்.

எண்பதுகளில் நாம் இருவரும் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதக் கிளம்பினோமே. எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். பத்தாவது தேறினால் வேலை உனக்குத்தான் என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சொல்லியிருந்தார். காப்பிப் பழம் பறிக்கச் சரிவில் ஏறி ஏறி உன் முட்டி ஓய்ந்திருந்தது. ஏற்கெனவே ஒரு முறை தமிழில் கோட்டை விட்டவள் நீ.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் காப்பிக் களத்துக்கு வந்துவிடுவோம். காயும் பழத்தைக் கிளறிக்கொண்டே படிப்பு. மையக்கருத்து, சான்று, ஊகம் என்று களத்துச் சுவரில் கரியால் எழுதிவைத்தோம். எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. நீதான் உடைத்துச் சொன்னாய்.

"ஊட்டுக்குப் போயி ஒத்த வரில சொல்லோணும்னா என்ன சொல்லுவ? அதான் மையக்கருத்து. சான்றுன்னா, எந்த வரில இருக்குதோ அங்க வெரல வெய்யி புள்ள. ஊகம்னா, எழுதியிருக்காது, ஆனா தெரியும். ரைட்டரு தொப்பி இல்லாம வந்தா, தொர ஊர்ல இல்லீன்னு தெரியுதில்ல?"

சேலத்தில் தேர்வு. உரைப்பகுதி காப்பியைப் பற்றியே வந்திருந்தது. எனக்கு ஒரே குஷி. திரும்பி வரும் பஸ்ஸில்தான் கேட்டேன், பழம் காய எத்தனை நாள் என்று எழுதினாய் என்று.

"பதினஞ்சு நாளு. பனி நொம்ப எறங்கினா இன்னும் ஆகும்னு எழுதினேன்."

தாளில் ஏழு நாள் என்று இருந்தது. "வெரல வெய்யி வெய்யின்னு என் உசுர வாங்குனியே, நீ வெச்சியா?" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"வெச்சேன் புள்ள. வரி தப்பா இருந்துச்சு."

கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். உன் வேலையை நீயே கெடுத்துக்கொண்டாயே என்று அவ்வளவு கோபம். மயிரிழையில் தேறினாய். எஸ்டேட் பிள்ளைகள் எத்தனையோ பேர் உன் மடியில் வளர்ந்தார்கள். போன மழைக்காலத்தில் நீ போய்ச் சேர்ந்தபோது, அவர்கள்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடலைத் தாளில் இருந்த பத்தி மிளகைப் பற்றியது. ‘மிளகுச் செடி தரையில் படர்ந்து காய்க்கும்.’ வழக்கம்போல அந்த வரியில் விரலை வைத்தேன். அப்புறம், உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், தலையை நிமிர்த்திப் பார்த்தேன். எதிரே சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி உச்சிவரை ஏறியிருந்தது.

பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். சரியானதை ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் கடலையைத் தின்றேன்.