கோத்தகிரி வெங்காயம் பூத்திருக்கிறது

அண்ணாமலையார் துணை

திருவண்ணாமலை,
தை 15, வியாழக்கிழமை.

அன்புள்ள மதி அக்காவுக்கு,

கீழ் வீட்டு சரசு எழுதிக்கொள்வது. நானும் இவரும் நலம். என் முட்டி மட்டும் நலமில்லை, அதைச் சொல்ல ஆரம்பித்தால் தாள் போதாது. உங்கள் நலத்தை வினோதினி வாரம் தவறாமல் போனில் சொல்கிறாள். இந்தக் கடிதத்தையும் அவள்தான் உங்களுக்குப் படித்துக் காட்டப் போகிறாள். வினோதினி, உன் மாமியாருக்கு நிறுத்தி நிதானமாகப் படி. நீ போனில் பேசுகிற வேகத்தில் படித்தால் எழுதின எனக்கே புரியாது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று இவர் கேட்கிறார். போன மாசம் நான் பெங்களூருக்குப் போன் போட்டபோது, "யாருங்க பேசறது?" என்று நீங்கள் கேட்டீர்கள். சரசு என்றேன். "எந்த சரசு?" என்றீர்கள். சிக்னல் சரியில்லை அக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. கடிதம் என்றால் பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாது. உங்களுக்கும் மறந்துபோனால் முதலிலிருந்து இன்னொரு தரம் படிக்கச் சொல்லலாம்.

முதலில் நல்ல சேதி. கோத்தகிரி வெங்காயம் பூத்திருக்கிறது. ஹயாசிந்த் என்று நீங்கள் எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்தும் என் வாயில் நுழையவில்லை. கிழங்கைப் பார்த்து இவர் வைத்த பேர்தான் இந்த வீட்டில் நிலைத்தது. ஒரே ஒரு கிழங்கு, ஒரே ஒரு தண்டு, அதில் பதினோரு பூ. உங்கள் கையில் முப்பதும் நாற்பதுமாகக் கொத்தாக வரும். என் கைக்கு இவ்வளவுதான். ஆனால் நிறம் அதே நீலம். வாசம் மாடிப்படி வரைக்கும் வருகிறது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, நான் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பனி உங்கள் மூட்டுக்கு ஆகவில்லை என்று, மாசி முடிகிறவரை ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை கேட்டு நீங்கள் வந்தது பதினைந்து வருடத்துக்கு முன்னால். மலை தெரிகிற மாடி அறையைக் காட்டியது இவர். நான் அப்போது கீழ்பென்னாத்தூரில் நாத்தனார் வீட்டில் இருந்தேன். தீபத்தன்று காலையில்தான் திரும்பினேன், உங்களைப் பார்க்கவில்லை. சாயந்திரம் ஐந்தரைக்கு வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறேன், மாடி ஜன்னலில் அகல் எரிகிறது! மலையில் ஏற்றுவதற்கு முன்னால் இந்த ஊரில் யாராவது வீட்டில் விளக்கு ஏற்றுவார்களா? நாளெல்லாம் பட்டினி கிடந்து ஆறு மணிக்காக மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் இது. எனக்கு வந்த கோபத்துக்கு, கையில் ஒட்டின அடை மாவோடு படியேறி வந்தேன்.

விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாதே. சாமி படத்தில் வைத்திருந்த சம்பங்கி ஒன்றை எடுத்துத் திரிமேல் வைத்து அமர்த்தினேன். நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து, யார் நீங்கள் என்று கேட்டீர்கள். "கீழ் வீட்டு சரசு. விளக்க அமத்த வந்தேன்" என்றேன். வேறு யாராவது என்றால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பார்கள். நீங்கள் அந்தக் கருகின பூவை எடுத்து முகர்ந்து பார்த்தீர்கள். "எங்க தோட்டத்துலயும் இதே மாதிரி ஆளைத் தூக்கற வாசனையா ஒரு பூ இருக்கு, பார்க்கிறியா?" என்று கேட்டுக் கூடையைத் திறந்தீர்கள். பேப்பரில் சுற்றின ஆறு கிழங்கு. ஆறு மணிக்கு மலையில் ஜோதி தெரிந்ததும் அதே அகலை இருவரும் சேர்ந்து ஏற்றினோம். அப்புறம் எத்தனை பேர் இந்த மாடியில் வாடகைக்கு வந்து போனார்கள், எனக்கு அக்கா என்று வாய்த்தது நீங்கள் ஒருவர்தான்.

அந்த ஆறு கிழங்குக்கும் இவர் செய்த உபகாரத்தை நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். ஆறு வாரம் குளிரில் இருந்துவிட்டது, இன்னும் ஆறு வாரம் உன் ஃப்ரிட்ஜில் இடம் கொடு என்று நீங்கள் என்னிடம் ஒப்படைத்தீர்கள். இவர் பரம்பரையாகச் சம்பங்கிக் கிழங்கைக் காயவைத்து நடுகிறவர் ஆயிற்றே. பூக்கிழங்கை யாராவது ஃப்ரிட்ஜில் வைப்பார்களா, மலைக்காரம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் எடுத்து மொட்டைமாடியில் காயப் போட்டார். நாலாம் நாள் கிணற்றோரம் நல்ல வெயிலில் நட்டுத் தண்ணீரும் கட்டினார். இலை வந்தது. பூ மட்டும் தண்டே இல்லாமல் இலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, சொல்ல வந்த வார்த்தை தொண்டையில் நின்ற மாதிரி அங்கேயே வாடிப்போனது. நீங்கள் ஒரு சத்தம் போடவில்லை. "இது வெயில்ல பிறந்தது இல்லைங்க. பனிக்காலம் முடிஞ்சுதுன்னு நம்பினாத்தான் தலையைத் தூக்கும். நாம ஃப்ரிட்ஜ்ல வச்சு அதை நம்ப வைக்கிறோம், அவ்வளவுதான்" என்றீர்கள். இவர் ஒரு வாரம் மாடிப் பக்கமே வரவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து நீங்கள் கிழங்கோடு வரும்போதெல்லாம் நான்தான் காவல். நீங்கள் சொன்னதையெல்லாம் உங்களுக்கே ஒப்பிக்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். பன்னிரண்டு வாரம் குளிரும் இருட்டும் வேண்டும். கிழங்கு இருக்கிற தட்டில் ஆப்பிள், வாழைப்பழம் எதுவும் கூடாது, பழத்தின் ஆவி பட்டால் உள்ளே மொட்டு செத்துவிடும். வெறுங்கையால் தொட்டால் அரிக்கும், பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் குடுவையில் வைத்தால் தண்ணீர் கிழங்கின் அடியைத் தொடக் கூடாது, ஒரு நூல் கீழே நிற்க வேண்டும், வேர் தானே தேடிப் போய்க் குடிக்கும். முளை இரண்டு விரல்கடை வந்த பிறகு வெளியே எடுத்து, உடனே வெளிச்சத்தில் நிறுத்தாமல் நாலு நாள் நிழலில் வைத்துப் பழக்க வேண்டும். தினமும் குடுவையைக் கொஞ்சம் திருப்பி வைக்காவிட்டால் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடும். சரிதானே?

அறைக்குள் வளர்ப்பது எல்லாம் பொம்மை விளையாட்டு, மண்ணில் நிற்கிறதைப் பார்க்கணும்னா கோத்தகிரிக்கு வா என்பீர்கள். ஒரே ஒரு தடவை, நீங்கள் மாசி நடுவிலேயே ஊர் திரும்பின வருடம், கூட வந்தேன். உங்கள் சமையலறைச் சுவரோரமாக நீலமும் ரோஸும் வெள்ளையுமாக வரிசை கட்டி நின்றது. தண்ணீர் தேங்கக் கூடாது என்று குழிக்குக் குழி ஒரு பிடி மணல் போட்டு, அரைச் சாண் ஆழத்தில், ஐப்பசியில் நீங்களே குந்தி உட்கார்ந்து நட்டது. காலையில் பனி விலகுகிற நேரத்தில் ஆளுக்கு ஒரு டம்ளர் காபியோடு அந்த வரிசைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தோம். வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். இப்போது அந்த வீடு பூட்டியிருக்கிறது என்று உங்கள் மகன் கோபி சொன்னார். இந்த மாசியில் அந்தச் சுவரோரம் எத்தனை தலை தூக்குமோ, பார்க்க ஆளில்லை. அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

இதற்கு மேல் எழுதுவதற்காக இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். வினோதினி, இதையும் விடாமல் படி.

பூ முடிந்ததும் தண்டை மட்டும் நறுக்கணும், இலையில் கை வைக்கக் கூடாது, மஞ்சளாகித் தானே சாய்கிற வரைக்கும் இலைதான் கிழங்குக்குச் சோறு ஊட்டுது. இதைப் பதினாலு வருடம் எனக்குச் சொன்னது நீங்கள். போன மாசியில் ஒரு நாள் நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன், மாடியில் தாளிக்கிற வாசம். உங்கள் எட்டுத் தொட்டியிலும் இலை இல்லை. பலகையில் பொடியாக நறுக்கி வைத்திருக்கிறீர்கள், அடுப்பில் வெங்காயத்தாள் பொரியல் மாதிரி வதங்குகிறது. விஷமாயிற்றே அது, வாயில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாணலியைப் பிடுங்கிக் கொட்டினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, "பைத்தியமா புடிச்சிருக்கு உங்களுக்கு?"ன்னு கத்தினேன். நீங்கள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "நானா நறுக்கினேன்?" என்று கேட்டீர்கள்.

எனக்கு அப்போது புரியவில்லை அக்கா. செய்ததை ஒத்துக்கொள்ளாமல் சமாளிக்கிறீர்கள் என்று நினைத்தேன். நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் கோபி வந்துவிட்டார். நீங்கள் காரில் ஏறும்போது நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. என்ன வியாதி என்று டாக்டர் சொன்னதைப் பிறகு வினோதினி சொன்னாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த எட்டுக் கிழங்கும் வைகாசிக்குள் அழுகிப்போனது. ஒன்பதாவது ஒன்று என் சமையலறை ஜன்னலில் மண்தொட்டியில் இருந்ததால் கத்திக்குத் தப்பியது. அதன் இலை தானே சாய்கிற வரைக்கும் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி அளந்து தண்ணீர் விட்டேன். காய்ந்ததும் எடுத்து, காகிதப் பையில் போட்டு, புரட்டாசிக் கடைசியில் ஃப்ரிட்ஜில் வைத்தேன். அந்த ஃப்ரிட்ஜுக்கு நான் காவல் இருந்த மாதிரி இந்த வீட்டு நகைக்குக்கூட இருந்ததில்லை. தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். மாவுப் பாத்திரத்துக்கு இடமில்லை, இந்த ஒத்த வெங்காயத்தை எடுத்து வெளியே போட்டால் என்ன என்றாள் நாத்தனார். வேண்டுமானால் உன்னை வெளியே போடுகிறேன் என்றேன். இன்னும் பேசமாட்டேன் என்கிறாள். மாசாந்திர பராமரிப்புக்குப் பகல் முழுக்கக் கரண்ட் போன அன்றைக்கு, இவர் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து பையைச் சுற்றி அடுக்கினார். பழைய பாவத்தைக் கழுவுகிறார் போலிருக்கிறது.

பொங்கலுக்கு முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மண்ணில் வைத்தேன். நேற்றுக் காலையில் விரிந்தது. கடைசிப் பூவும் விரிகிறவரை காத்திருக்காமல், ஞாயிற்றுக்கிழமை இவர் செங்கம் வழியாகப் போகிற பெங்களூர் பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறார். கடிதமும் அவர் கையில்தான். ஓசூரைத் தாண்டி அவர் போனதே இல்லை, கோபி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழைத்துக்கொள்வதாகப் போனில் சொன்னார்.

வினோதினி, தொட்டியைக் காலை வெளிச்சம் வருகிற ஜன்னலில் வை, மத்தியான வெயில் கூடாது. மண் ஈரமாக இருந்தால் போதும். தினமும் கொஞ்சம் திருப்பு. பூ முடிந்ததும் தண்டை மட்டும் நறுக்கு. அக்கா இலையை நறுக்கிவிட்டால் சத்தம் போடாதே, ஏன் என்று கேட்காதே. வாயில் மட்டும் வைக்க விடாமல் வாங்கிக்கொள். கிழங்கு போனால் போகட்டும்.

அக்கா, நானே ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். அறைகளில் ஆள் இருக்கிறது, முட்டி வலி என்று வினோதினியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதெல்லாம் சாக்கு. எதிரில் வந்து நிற்கும்போதும் எந்த சரசு என்று கேட்டுவிடுவீர்களோ என்று பயம். இதை எழுதி முடிக்கும்போது அந்தப் பயம் கொஞ்சம் கம்மியாகியிருக்கிறது. இவர் பூவை உங்கள் மூக்கருகே பிடித்துவிட்டு எனக்குப் போன் போடுவார். நீங்கள் என் பேரைச் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடுவேன். சொல்லாவிட்டாலும் ஏறிவிடுவேன். மலை தெரிகிற அறையை இந்த வருடம் யாருக்கும் விடவில்லை, ஜன்னலில் அகலும் இருக்கிறது.

அண்ணாமலையார் உங்களைக் குளிர்ச்சியாக வைத்திருக்கட்டும். நான் வந்து நிற்கும்போது, யார் நீ என்று நீங்கள் கேளுங்கள் அக்கா, பரவாயில்லை. மறுபடியும் சொல்கிறேன், கீழ் வீட்டு சரசு, விளக்கை ஏற்ற வந்திருக்கிறேன் என்று.

மன்னிப்புக் கேட்டு,
சரசு