ஜெயித்தவர் கையில் சிவப்பு ஐ.சி.

10 மார்ச் 1974, ஞாயிறு

விடியலில் மழை. வேலையில்லாத நாள், யாருக்கும் கவலையில்லை. பத்து மணிக்கு, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில், தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளைக் கூட்டம். செயலாளர் தேர்தல், கை தூக்கித்தான். மாரிமுத்து அண்ணன் 58. நான் 31. வேறு போட்டியில்லை.

பின்னால் ஒரு குரல்: "பொம்பள எப்படி லா மேனேஜர் முன்னால போயி நிப்பா?" இதே கொட்டகைக் கூரைக்காக மூன்று தடவை போய் நின்றவள் நான்.  வீட்டில் மீன் கருகிவிட்டது. தோற்றதில் வருத்தம்தான். இல்லை என்று எழுதினால் பொய்.

12, செவ்வாய்

வெயில். ஈப்போ தலைமைச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் விவரப் பாரத்தைப் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும், மலாயில். மாரிமுத்து அண்ணனுக்கு மலாய் பேச வரும், எழுத வராது. தோற்றவளே ஜெயித்தவருக்கு எழுதிக்கொடுக்கும் கிராணி. தலையெழுத்து.

அடையாள அட்டை, ஐ.சி., கேட்டேன். தகரப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். சிவப்பு. குடிமக்களுக்கு நீலம். பாரத்தில் தெளிவாக இருக்கிறது: பொறுப்பில் இருப்பவர் குடிமகனாக இருக்க வேண்டும்.

"அண்ணே, இது சிவப்பா இருக்கே."

"அப்பா பொறப்புப் பத்திரம், அந்த சூராட், எடுக்காம விட்டுட்டாரு. இந்தத் தோட்டத்துலயே பொறந்தவன், என்னைய யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கவில்லைதான். நானும் கேட்கவில்லை. குடியுரிமைக் கட்டத்தை நிரப்பாமல் வந்துவிட்டேன்.

13, புதன்

ரப்பர் பால் குறைவு. மனம் மரத்தில் இல்லை.

உள்ளதை எழுதினால் காட்டிக் கொடுத்தவள். எழுதாமல் விட்டு ஈப்போவில் கண்டுபிடித்தால், அதுவரை அவர் கையெழுத்திட்ட கடிதமெல்லாம் செல்லாது. இன்னொன்று: அந்தப் பதவி எனக்கு வேண்டும். ஆசை இல்லாதவளாக இருந்தால் நேற்றே எழுதியிருப்பேன்.

மாலையில் அவரிடமே கேட்டேன். ஐ.சி.யை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு, "இருக்கறத எழுதும்மா. பொய்ய எழுதி ரெண்டு பேரும் மாட்டிக்க வேணாம்."

எழுதினேன்.

15, வெள்ளி

லீவு போட்டு, சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு பஸ். உட்கார இடமில்லை. தலைமைச் சங்கக் கிராணி பாரத்தைப் பார்த்தார். "இவரு பேரு செல்லாதுங்க."

"அப்ப ரெண்டாவதா வந்தவங்கதானே செயலாளர்?" யாரோ ஒருத்திக்காகக் கேட்பது போலக் கேட்டேன்.

"அதெப்படி? ரெண்டாவதா வந்தவங்க தோத்தவங்க. மறுபடியும் கூட்டம் போடுங்க." பாரத்தைத் திருப்பி, போட்டியிட்டவர் பெயர்களைப் பார்த்தார். "நீங்கதானா அந்த ரெண்டாவது?"

முகம் சுட்டது. வரும்போது வாங்கியவை: சோப்பு, கருவாடு, குடைக்கம்பி.

17, ஞாயிறு

குழாயடியில் ஒருத்தி, எனக்குக் கேட்கட்டும் என்றே: "தோத்தாச்சு. அந்த ஆத்திரத்துல ஈப்போ வரைக்கும் போயி சொல்லிட்டு வந்துட்டா."

 வாளியை நிரப்பிக்கொண்டு வந்தேன். அழுகை வந்தது, கோபத்தில்.

24, ஞாயிறு

மேகமூட்டம். மறுகூட்டம். யாரும் பெயர் கொடுக்கவில்லை. கடைசியில் மாரிமுத்து அண்ணன் எழுந்து என்னைக் காட்டினார். "சரோஜா பேர நான் சொல்றேன். அது என்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுச்சு." சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் குனியவில்லை.

கிளைத் தலைவர் பெரியசாமி, "போட்டி இல்ல. கை தூக்க வேணாம், முடிஞ்சிச்சு, போலாம்" என்றார்.

சும்மா வந்த நாற்காலி எனக்கு வேண்டாம். "தூக்கட்டும் அண்ணே" என்றேன். நானே எண்ணினேன், இரண்டு தடவை. மாரிமுத்து அண்ணன் கையையும் சேர்த்து 26.

தோற்றபோது 31.

கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் புத்தகத்தில் 26 என்றே எழுதி, செயலாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.