குறை எந்த இடத்தில் என்று கேட்டேன்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்று ஃபோனில் கேட்டால் "ம்" என்பாய், அதனால் நீயும் நன்றாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் உனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிடுகிறதே, அதற்குத்தான். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார்.

போன மாதம் உன் தங்கை விஷயத்தில் பெரிய மனுஷனாட்டம் புத்திமதி சொன்னாய், விட்டுடும்மா, பள்ளிக்கூடத்தோட எதுக்கு வம்பு என்று. கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு பொறுப்பாகப் பயப்படுகிறாய்! அடுத்த வருடம் அவளைக் கடைசிப் பிரிவில் போடப்போவதாகச் சீட்டு வந்ததே, அங்கே கணக்கும் அறிவியலும் பேருக்குத்தான், அதில் போய் விழுந்தால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற அவள் ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். முதலில் உன் அப்பாதான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வீராதி வீரராகக் கிளம்பினார். பஸ்ஸில் எழுபது பேரை ஒரே அதட்டலில் உள்ளே தள்ளுகிற கண்டக்டர், தலைமையாசிரியை எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ரொம்ப நன்றி மேடம் என்று சொல்லிவிட்டு வந்து சேர்ந்தார். எதுக்குங்க நன்றி என்று கேட்டேன். உக்காரச் சொன்னாங்க என்றார்.

அப்புறம் நான் போனேன். வகுப்பு டீச்சர் ரொம்ப மரியாதை, நீங்க வீட்டுல சப்போர்ட் பண்ணணும்மா என்றார். பண்ணாமல் என்ன, அவள் படிக்கும்போது உன் அப்பா டிவியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வாயசைவைப் பார்த்துச் சிரிக்கிறார், இதைவிட ஒரு தகப்பன் என்ன தியாகம் செய்ய முடியும்? ரிப்போர்ட் கார்டில் கவனம் போதாது, ஈடுபாடு போதாது என்று எழுதியிருந்தது. எந்த இடத்துல டீச்சர் என்று கேட்டேன். பொதுவா சொன்னேம்மா என்றார். பதினொரு வருடமாகச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறேன், ஒரு சட்டையைக் கூடப் பொதுவாகத் திருப்பி அனுப்பியதில்லை. காலரா, பட்டன் துளையா, எங்கே கோணல் என்று சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் சூப்பர்வைசர் என்னையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சட்டைக்கு இருக்கிற நியாயம் என் பெண்ணுக்குக் கிடையாதா?

அடுத்த வாரம் மறுபடி அரை நாள் லீவு போட்டுவிட்டு, கைப்பையில் ஒரு சுருள் ஸ்டிக்கரோடு போனேன். தலைமையாசிரியையின் அறையில் உன் தங்கையின் பரீட்சைத் தாள்களையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, மார்க் குறைந்த இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டே வந்தேன். அறுபது மார்க்கு எழுத்துத் தேர்வில் ஐம்பத்திரண்டு, ஐம்பது, ஐம்பத்துமூன்று என்று ஐந்து தடவையும் இப்படித்தான், அதில் எல்லாம் ஸ்டிக்கருக்கு வேலையே இல்லை. வாய்மொழித் தேர்வு நாற்பது மார்க்குக்கு, பதிவேட்டில் ஐந்து தடவையும் கட்டம் காலி! காலியை சைபர் என்று வைத்துத்தான் கூட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் டீச்சர் மென்று முழுங்குகிறார், அவளுக்குத்தான் திக்குதே, பேச ஆரம்பிச்சா பீரியட் முடிஞ்சிடும், மத்த பிள்ளைங்க முன்னாடி சங்கடப்படக் கூடாதேன்னுதான் கூப்பிடல என்று. அடடா, என்ன இரக்கம்! குழந்தை சங்கடப்படக் கூடாதென்று ஐந்து சைபர் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, அந்தப் பதிவேட்டிலேயே ஐந்து கட்டத்துக்கும் அம்பு ஒட்டிவிட்டேன். துணியிலிருந்து லேசாக உரிந்து வரும், தாளில் ஒட்டினால் தாளையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டுதான் வரும், அது எனக்கு அப்போது தோன்றவில்லை. தலைமையாசிரியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, இதை எடுக்க முடியாதாம்மா என்றார். குறையைச் சரி பண்ணின பிறகுதான் எடுக்கிறது எங்க வழக்கம் மேடம் என்றேன். கிளம்பும்போது நானும் ரொம்ப நன்றி மேடம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன், அதை உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே.

போன செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியையின் அறையிலேயே வைத்து, நேரக் கணக்கு பார்க்காமல், உன் தங்கைக்கு அந்த வாய்மொழித் தேர்வை நடத்தினார்கள். ஐந்து கேள்விக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது. உலகம் ஒன்றும் நின்றுவிடவில்லை. நாற்பதுக்கு முப்பத்துநான்கு, பிரிவு மாற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உன் தங்கை வெளியே வந்து, இ...இவ்வளவுதானாம்மா என்று கேட்டாள்.

எனக்கு அப்போது சந்தோஷத்துக்குப் பதிலாக அழுகைதான் வந்தது. உன் நினைவுடா. நீ எட்டாவது படித்தபோதும் இப்படி ஒரு சீட்டு வந்தது. நானும் அப்பாவும் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டோம். நீ கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, ஒரே ஒரு தடவை ஸ்கூலுக்கு வந்து கேளும்மா என்றாய். நாளைக்கு வரேன்டா என்றேன். லீவு கிடைக்கவில்லை என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், நான் லீவு கேட்கவேயில்லை. பயந்துகொண்டு போகாமல் இருந்துவிட்டேன். நீ ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இன்று ஏதோ ஊரில் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குகிறாய், வாயைத் திறந்தால் விட்டுடும்மா என்கிறாய். தப்பு என்னுடையது, என்னை மன்னித்துக்கொள்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. குளிர் ஏறாமல் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. அங்கே மாலை நேரத்தில் நடக்கிற இன்ஜினியரிங் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்து, வயசாயிடுச்சு, சேர்க்க மாட்டாங்க என்று அலமாரியில் போட்டுவிட்டாயாமே, தங்கை சொன்னாள். சேர்க்க மாட்டோம் என்று சொன்னது யார், என்ன காரணம் சொன்னார், அவருடைய ஃபோன் நம்பர் என்ன, மூன்றையும் மறக்காமல் எனக்கு அனுப்பு. நான் லீவு கேட்டாயிற்று.

இப்படிக்கு,
தாமதமாகக் கிளம்பிய உன் அம்மா